கெரார்டுக்குப் பக்கத்தில்

லுத்விக் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் போய்விட்டார் என்று நம்பி, துக்க வீட்டுக்கு எடுத்துப்போகக் கேக் மாவு பிசைய ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் அவர் கோவிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இருமியதைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிலும் இரண்டொருவர் பிசைந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

நடந்தது நவம்பர் மூன்றாம் தேதி. கல்லறைத் திருநாளுக்கு வைத்த சாமந்தித் தொட்டிகள் இன்னும் வாடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மறுநாளிலிருந்து தினமும் மாலைப் பூசைக்கு முன்னால் எங்கள் கோவிலில் இறந்தவர்களின் பெயர் வாசிப்பு நடக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். மாதம் முழுக்கச் சாமியார் அதை வாசிப்பார், நாங்கள் அந்த ஆத்துமாக்களுக்காக வேண்டிக்கொள்வோம். நூற்று நாற்பது சீட்டு, அரை மணி நேரம். வெளியூர்க்காரர்களுக்கு அலுப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவள் முதலாமவளின் பெயரைப் போட்டாளா, மாமியாரை இந்த வருஷமாவது சேர்த்தாளா, எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அன்று வாசித்தவர் செவெரின் சாமி. ஆகஸ்டில்தான் எங்கள் பங்குக்கு உதவிக் குருவாக வந்தவர். ஒட்டிலியா வீட்டுச் சீட்டு வந்தது.

"தந்தை ஃப்லோரியன், தாய் ரோசாலியா, சகோதரர் கெரார்ட், கணவர் லுத்விக்."

எந்த லுத்விக் இருக்கிறார், எந்த லுத்விக் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வாசித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டு முடிந்ததும், இவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் என்றார். நாங்கள் வழக்கம்போலப் பதில் சொன்னோம். லுத்விக்கின் கரகரத்த குரலும் எங்களோடு சேர்ந்து தனக்கே முடிவில்லாத ஒளியை வேண்டிக்கொண்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

முன்னால் இருந்த ஆறு பெஞ்சும் திரும்பிப் பார்த்தன. லுத்விக் எழுந்து நின்றார், பெல்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டார், இருமினார், மறுபடி உட்கார்ந்தார். கோவிலுக்குள் உயிரோடு இருப்பதை வேறு எப்படித்தான் நிரூபிப்பது? திரும்பாதவள் ஒருத்திதான், அவர் மனைவி ஒட்டிலியா. கைத்தவறு இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

லுத்விக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்துமூன்று வயது. ஞாயிறு பூசையை ஒருநாள் விட்டதில்லை. ஆனால் நற்கருணை அப்பம் வாங்க வரிசை எழும்பும்போது, முழங்கால்களைப் பக்கவாட்டில் திருப்பி எல்லோருக்கும் வழி விட்டு, அப்படியே உட்கார்ந்திருப்பார். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தை முப்பத்தாறு வருஷமாக அவர் செய்யவில்லை, அது இல்லாமல் நற்கருணை இல்லை. ஏன் என்று கேட்டால் ஒரு பிரசங்கம் வைத்திருந்தார்.

"நரகம் இருக்கு. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா காலியா இருக்கு. சீசன் முடிஞ்ச ஆத்தங்கரை ஓட்டல் மாதிரி. சாவி கடவுள்கிட்ட இருக்கு, அவரு யாரையும் உள்ள விடமாட்டாரு. அவ்வளவு இரக்கம் உள்ளவர்கிட்டப் போயி, ஐயா என்னை மன்னிப்பீங்களானு கேக்கறதே அவரை அவமானப்படுத்தற மாதிரி."

ஒட்டிலியா ஞானோபதேசத்தை மனப்பாடமாக வைத்திருப்பவள். "பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் ஆறு. முதல் பாவம் எது தெரியுமா? கடவுளோட இரக்கத்தை நம்பித் துணிகரமா நடக்கறது" என்பாள்.

"ரெண்டாவது எது? அவரோட இரக்கத்துமேல அவநம்பிக்கைப்படறது. அது நீ" என்பார் அவர்.

இப்படி அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சூப்பை ஆறவிட்ட கதையெல்லாம் எங்கள் தெருவுக்குத் தெரியும். எனக்கோ வேறு கேள்வி. ஒரு மனிதன் முப்பத்தாறு வருஷம் பாவசங்கீர்த்தனக் கூண்டைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்றால், அதற்குள் நுழையாத அளவுக்கு ஏதோ பெரிய சாமான் வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? யாரோஸ்லாவ் ஊரில் ஒரு பெண் என்று மருந்துக்கடைக்காரி சொல்வாள். நான் பட்டறையிலிருந்து காணாமல்போன செம்புக் கம்பி என்று நினைத்திருந்தேன். பெண் விவகாரத்துக்கு வேண்டிய பேச்சுச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

இந்த வருஷம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்று, லுத்விக்கின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஷெஷுவ் நகரத்து ஆஸ்பத்திரியில் நவம்பர் இருபதாம் தேதி சேரச் சொல்லி, மறுநாள் நெஞ்சைத் திறப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது, நவம்பர் முதல் தேதி, சகல புனிதர்கள் திருநாளன்று செவெரின் சாமி வைத்த பிரசங்கம். திருச்சபை எத்தனையோ பேரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது, ஆனால் இவர் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை, ஆகவே எல்லோரும் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்க நமக்கு அனுமதி உண்டு என்றார் அவர். பூசை முடிந்ததும் லுத்விக் வாசலில் நின்று சாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். ஒட்டிலியா கூட்டத்தைவிட்டு விறுவிறுவென்று நடந்து பங்கு அலுவலகம் பக்கம் போனாள். சீட்டு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

பெயர் வாசித்த மறுநாள் நான் பாப்பி விதைக் கேக்கோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் லுத்விக்தான்.

"வா பெலாஜியா. துக்கம் கேக்க வந்தியா, சும்மா விஷயம் கேக்க வந்தியா?"

"பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பாத்துக்கோ. பாப்பி விதை போட்டதா? அப்ப செத்ததும் வீண் போகல."

அடுப்படியில் ஒட்டிலியா முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். லுத்விக் என்னை நடுவராக உட்காரவைத்தார்.

"நீயே கேளு இவளை. நாப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தின புருஷனை உயிரோட சாவுப் பட்டியல்ல எழுதியிருக்கா."

ஒட்டிலியா கத்தியை நிறுத்தவில்லை. "செத்து, உத்தரிக்கிற ஸ்தலத்துல பாவக் கடனைத் தீர்த்துக்கிட்டு இருக்கிற ஆத்துமா தனக்காக ஒண்ணும் செஞ்சுக்க முடியாது பெலாஜியா. சரியா? மத்தவங்கதான் அதுக்காக வேண்டிக்கணும். இந்த மனுஷன் என்ன சொல்றாரு? நான் ஒண்ணும் செய்யமாட்டேன், அவரே பாத்துப்பாருங்கறாரு. அப்ப இவருக்கும் எங்கப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? எங்கப்பா சத்தம் போடாம இருக்காரு, அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் ஓட்டை தேடி லுத்விக் கேக்கையே பார்த்தார்.

"பேரை எடுத்துடு" என்றார் கடைசியில்.

"எழுதிக் குடுத்தாச்சு. வேணும்னா நீயே சாமிகிட்டப் போய்ச் சொல்லு."

அவர் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போனார். ஒட்டிலியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருபதாம் தேதி போறாரு. திரும்பி வருவாரோ என்னவோ. நாப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டு, கடைசியில ஆளுக்கொரு இடத்துக்குப் போறதுன்னா எனக்கு எதுக்கு மோட்சம்? அங்க உக்காந்துகிட்டு நான் யார்கூட சண்டை போடுவேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. முட்டைக்கோஸை உப்பு போட்டுப் பிசைந்தாள், அது பாவம், என்ன செய்தது என்று கேட்கத் தோன்றுகிற அளவுக்கு.

மறுநாள் லுத்விக் சாமியார் வீட்டுக்குப் போனார். நான் அங்கே இருந்தது தற்செயல் இல்லை. வாரம் ஒருநாள் பீடத் துணிகளுக்கு இஸ்திரி போடுவது என் பொறுப்பு. இஸ்திரி அறைக்கும் அலுவலக அறைக்கும் நடுவே உள்ள கதவு முழுக்க மூடாது, அதைச் சரிசெய்யச் சொல்லி நானும் இதுவரை வற்புறுத்தவில்லை.

பங்குத்தந்தை ஹியரோனிம் சாமி பெரிய உடம்புக்காரர், இருபது வருஷமாக எங்களை மேய்ப்பவர். அவருக்கு அந்தப் பிரசங்கம் பிடிக்கவில்லை என்பது அவர் வீட்டுச் சமையல்காரி மூலம் எல்லோருக்கும் தெரியும். "எதிர்நோக்கலாம், முன்கூட்டியே இடம் பிடிச்சு வைக்க முடியாது" என்று மேசையில் தட்டினாராம். செவெரின் சாமி ஜன்னல் ஓரமாக ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சாமி, என் பேரை அந்தச் சீட்டுலேர்ந்து எடுங்க" என்றார் லுத்விக்.

"ஏன்?"

"நான் சாகல."

"தெரியுது. கதவை அவ்வளவு வேகமா சாத்தற ஆளு செத்திருக்க முடியாது."

செவெரின் சாமி எழுந்துவிட்டார். "தப்பு என்னோடது ஐயா. விசாரிக்காம வாசிச்சுட்டேன். இப்பவே அடிச்சுடறேன்."

"இருங்க" என்றார் பெரிய சாமி. "லுத்விக், உனக்கு இருபத்தொண்ணாம் தேதி நெஞ்சைத் திறக்கப் போறாங்க. இந்த ஊரு மொத்தமும் தினம் உன் பேரைச் சொல்லி வேண்டுது. எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? உயிரோட இருக்கிறவனுக்கு வேண்டிக்கிட்டா ஒத்துக்காதுன்னு எங்கயும் எழுதல."

லுத்விக் யோசித்தார். பட்டறைக்காரர் அல்லவா, சும்மா கிடைக்கிற பொருளைத் தூக்கி எறிய மனம் வராது.

"சரி. இருந்துட்டுப் போகட்டும். ஆனா வேற சீட்டுல எழுதுங்க."

"எதுக்கு வேற சீட்டு?"

"அவன் பக்கத்துல வேணாம்."

"யாரு பக்கத்துல?"

லுத்விக் சீட்டுக் கட்டைக் கைகாட்டினார். சின்னச் சாமி சீட்டைத் தேடி எடுத்து வாசித்தார். "தந்தை ஃப்லோரியன், தாய் ரோசாலியா, சகோதரர் கெரார்ட்..."

"அவன்தான்" என்றார் லுத்விக்.

கெரார்ட் யார் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ஒட்டிலியாவின் அண்ணன். ராணுவச் சட்டம் போட்ட அந்தக் குளிர்காலத்தில் பட்டறைத் தோழர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்க ஒரு கைமெஷின் வைத்திருந்தார்கள். லுத்விக் அதை மச்சான் வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்குக்கு அடியில் ஒளித்துவைத்தார். ஒரு வாரத்தில் போலீஸ் வந்து நேராக உருளைக்கிழங்கைக் கிளறியது. லுத்விக் பதினோரு மாதம் உள்ளே இருந்தார். கெரார்டுக்கு அடுத்த வருஷம் சுடுதண்ணீர்க் குழாயோடு புது வீடு ஒதுக்கினார்கள். அவ்வளவுதான் விஷயம், யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கெரார்ட் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் லுத்விக்கும் ஒருவர். கல்லறையில் யாரோ பழையதைக் கிளறியபோது, "எல்லாரையும் கடவுள் மன்னிச்சாச்சு, விடுங்க" என்றார். பெரிய மனசு என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நான் அதைப் பத்து வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

நரகம் காலி என்கிற பேச்சு அவர் வாயில் முதன்முதலாக வந்தது அந்த அடக்கத்தன்றுதான் என்பது இஸ்திரிப்பெட்டியும் கையுமாக நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அதற்கு முந்தைய முப்பது வருஷமும், பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

செவெரின் சாமிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வியை அவரால் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஐயா, நரகம் காலின்னு சொன்னீங்க. அப்ப இந்த கெரார்ட் எங்க இருக்காரு?"

லுத்விக், "பரலோகம் பெரிசு சாமி" என்றார்.

"எவ்வளவு பெரிசு?"

"அவன் ஒரு கோடியிலயும் நான் ஒரு கோடியிலயும் இருக்கிற அளவுக்கு. ரெண்டு பேரும் ஒரே பாதையில வராம."

ஹியரோனிம் சாமி சிரித்துவிட்டார். "அதுக்குப் பேரு பரலோகம் இல்ல லுத்விக். அது நம்ம ஊரு."

லுத்விக் சிரிக்கவில்லை. அவர் குரல் இறங்கியது. நான் கதவுக்குக் கொஞ்சம் அருகே போகவேண்டியிருந்தது.

"அவன் சாகக் கிடந்தப்ப நீங்கதான எண்ணெய் பூசினீங்க. கடைசியா பாவசங்கீர்த்தனம் கேட்டதும் நீங்கதான். என் பேரைச் சொன்னானா?"

"அதைக் கேக்கக்கூடாது. நான் சொல்லவும் கூடாது. உனக்கே தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆறு வீடு தள்ளித்தான் இருந்தான். ஆஸ்துமாவுல கிடந்தப்பக்கூட நான் ஆப்பிள் கொண்டுபோய்க் குடுத்தேன், தின்னான். அப்பவும் சொல்லல. உங்ககிட்டச் சொல்லிட்டு, நெத்தியில எண்ணெயோட, பாட்டுக் குழுவோட போயிட்டான். ஜெயில்லேர்ந்து வந்தவுடனே நான் கூண்டுக்குப் போனேன் சாமி. அப்ப இருந்த பழைய சாமி கேட்டாரு, அவனை மன்னிச்சுட்டியானு. இல்லேன்னேன். அப்ப உனக்கும் மன்னிப்பு இல்ல, போயிட்டு வானு சொன்னாரு. போனேன். இன்னும் வரல. உங்க சட்டப்படி காட்டிக் குடுத்தவன் உள்ள, கம்பி எண்ணினவன் வெளிய. அதான் எனக்கு அந்தக் கதவே வேணாம்னேன். கதவும் இல்லாம, காவலும் இல்லாம, எல்லாரும் இருந்துட்டுப் போகட்டும்."

செவெரின் சாமியின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய அழகான பிரசங்கம் இப்படி ஒரு வேலைக்குப் பயன்பட்டிருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"எல்லாரையும் மொத்தமா மன்னிச்சிருக்க" என்றார் பெரிய சாமி மெதுவாக. "ஒருத்தனை மட்டும் தனியா மன்னிக்க வேண்டாமேங்கறதுக்காக."

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"திட்டறேன்னு நினைக்காத. நான் கண்டிப்பானவன்னு பேரு வாங்கியிருக்கேன். அதுக்குள்ளயும் கோணல் இருக்கு. சில பேரு உள்ள வரமாட்டாங்கன்னு நினைச்சாத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. நீ எல்லாரையும் உள்ள விடற, ஒருத்தன் முகத்தைப் பாக்காம இருக்க. நான் சில பேரை வெளிய நிறுத்தறேன், அதுவும் அவங்க முகத்தைப் பாக்காம இருக்கத்தான்." சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "எழுதினது உன் பொண்டாட்டி. அவ சொல்லாம நான் வரிசையை மாத்தமாட்டேன்."

லுத்விக் போய்விட்டார். இந்த முறை கதவைச் சாத்தவேயில்லை. நான் பார்த்தபோது பீடத் துணியில் இஸ்திரிப்பெட்டியின் முனை அளவுக்குப் பழுப்புத் தடம் விழுந்திருந்தது. அதைப் பூ மேல் பூவாக எம்ப்ராய்டரி போட்டு மறைத்துவிட்டேன்.

அதன்பிறகு லுத்விக் தினமும் மாலையில் கோவிலுக்கு வந்தார். தான் இன்னும் சாகவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காம். வாசலில் நின்று, "இன்னிக்கும் இருக்கேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். மருந்துக்கடைக்காரி, "நாளைக்கும் வந்து சொல்லுங்க, அப்பத்தான் நம்புவோம்" என்பாள். ஆனால் வந்து உட்கார்ந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே. ஐம்பது அறுபது வருஷப் பழக்கம், நாக்கு தானாகப் பேசும். கெரார்ட், லுத்விக் என்று வாசித்து முடித்ததும், இவர்கள்மேல் ஒளி ஒளிர்வதாக என்று தினமும் அவரும் சொன்னார். மூன்றாம் நாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு பார்த்தார். ஐந்தாம் நாள் கெரார்ட் பெயருக்கு மட்டும் இருமினார். இரண்டாவது வாரத்தில் இருமவில்லை. காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டிலியா இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி, புறப்படுவதற்கு முந்தின மாலை, லுத்விக் கடைசி பெஞ்சுக்குப் போகாமல் கூண்டுக்கு முன்னால் நின்ற வரிசையில் வந்து நின்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் அவர். உள்ளே இருந்தது செவெரின் சாமி. பதினொரு நிமிஷம். கடிகாரத்தைப் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை, அது எதிரிலேயே இருக்கிறது. வெளியே வந்தவர் எங்கும் முழங்காலிடாமல் நேராக வாசலுக்கு நடந்தார். நான் என் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு, குடையை மறந்துவிட்டவள்போலப் பின்னால் போனேன். படியில் ஒட்டிலியா அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"மன்னிப்புக் குடுத்தாரா?"

"இல்ல."

"ஏன்?"

"கெரார்டை மன்னிக்க மனசிருக்கானு கேட்டாரு. இல்லேன்னேன். பொய் சொல்லச் சொல்றியா, அதுவும் கூண்டுக்குள்ள? சரி, மன்னிக்கற மனசு வரணும்னாவது ஆசையிருக்கானு கேட்டாரு. அது யோசிக்கணும்னேன்."

"யோசிக்கணுமா?"

"யோசிச்சுட்டு வாங்க, காலைல ஆறு மணிலேர்ந்து இங்கயேதான் உக்காந்திருப்பேன்னாரு. நல்ல பையன். அவனுக்கு சளி வேற."

ஒட்டிலியா கையை விட்டுவிட்டாள். வீடுவரை இருவரும் தெருவின் இரண்டு பக்கமாக நடந்துபோனார்கள்.

ஷெஷுவ் போகிற பஸ் காலை ஆறு ஐம்பதுக்கு, கோவில் சதுக்கத்திலிருந்து. எனக்கும் அன்று ஷெஷுவில் கம்பளி நூல் வாங்கவேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கடையில் அந்த நீலம் கிடைப்பதில்லை. மருந்துக்கடைக்காரிக்கும் ஏதோ வேலை இருந்தது. இன்னும் ஏழெட்டுப் பெண்களுக்கும். லுத்விக் ஆறரைக்கே பெட்டியோடு வந்து நிறுத்தத்தில் நின்றார். எதிரே கோவில் கதவு திறந்திருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒட்டிலியாவும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லவேண்டியதெல்லாம் இரண்டு வாரமாகக் கோவிலில் வாசித்தாகிவிட்டது.

பஸ் வந்தது. நாங்கள் ஏறினோம். ஒட்டிலியாவும் ஏறினாள். லுத்விக் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"ரெண்டு நிமிஷம்."

சதுக்கத்தின் குறுக்கே நடந்தார். ஓட முடியாத மனிதன் எவ்வளவு வேகமாக நடக்கமுடியுமோ அவ்வளவு வேகமாக.

டிரைவர் வெளியூர்க்காரன், இளம் வயது. "எங்க போறாரு? டைம் ஆச்சு" என்றான்.

"பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருக்காரு" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"இப்பவா?"

"முப்பத்தாறு வருஷம் கழிச்சு."

"அப்ப மதியம் வரைக்கும் ஆகும் போலிருக்கே. நான் ஏழே முக்காலுக்கு அங்க இருக்கணும். கதவை மூடறேன்."

ஒட்டிலியா ஏற்கெனவே படிக்கு இறங்கி, ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை பஸ்ஸிலும் வைத்து நின்றுகொண்டிருந்தாள். "மூடுப்பா" என்றாள்.

அவன் மூடவில்லை. "அம்மா, கடவுள் இரக்கமுள்ளவரு, மனசுக்குள்ள நினைச்சாலே போதும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"உங்க ஊர்லயும் சொல்றாங்களா?" என்றாள் ஒட்டிலியா. "எங்க வீட்லயும் சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க."

பின் சீட்டில் ஒரு பெரியவர் தன் கண் ஆஸ்பத்திரி நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். ஒருவனுடைய ஆத்துமாவுக்காக ஊரே ஏன் காத்திருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மருந்துக்கடைக்காரி அவர் பக்கம் திரும்பி, உங்க முறை வர்றப்ப பஸ் நிக்காமப் போனாத் தெரியும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டான். ஏழு நிமிஷம் ஆயிற்று.

லுத்விக் திரும்பி வந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது, மூச்சு வாங்கியது. ஒட்டிலியா அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். எனக்கு அவர்களுக்கு நேர் பின் இருக்கை கிடைத்திருந்தது. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

"என்ன சொன்ன?" என்றாள் பாலம் தாண்டியதும்.

"மனசு வரணும்னு ஆசையிருக்குன்னு சொன்னேன். பெரிய ஆசை இல்ல, சின்னதுதான்னேன். சின்னது போதும்னு சொல்லி மன்னிப்புக் குடுத்துட்டாரு."

"பரிகாரம்?"

"ஜெபமாலையில பத்து மணி."

"முப்பத்தாறு வருஷத்துக்குப் பத்து மணிதானா?"

"கெரார்டுக்காக."

ஒட்டிலியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். செத்துப்போன அவளுடைய அண்ணன் பெயர் அவர் வாயிலிருந்து எத்தனை வருஷம் கழித்து இப்படிச் சாதாரணமாக வந்தது என்று அவள் கணக்குப் போட்டிருக்கக்கூடும்.

"சொல்லிட்டியா?"

"பஸ் நிக்குதுன்னு ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில சொல்லிக்கிறேன்."

"அங்க மயக்க ஊசி போட்டுட்டாங்கன்னா?"

"அவரு இரக்கமுள்ள..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவள் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து அவர் கையில் முதல் மணியை வைத்தாள், மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். அவள் பாதி சொன்னாள், மீதியை அவர் சொல்லவேண்டும். முதல் இரண்டு மணியிலும் அவர் உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது மணியில் தொண்டையைக் கனைத்தார். நான்காவதிலிருந்து, பட்டறையில் கணக்கு ஒப்புவிப்பவர்போல ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகச் சொன்னார். டிரைவர் ரேடியோவைக் குறைத்தான். பின் சீட்டுப் பெரியவர்கூட ஒரு மணியில் சேர்ந்து பதில் சொன்னார், யாருக்காக என்று தெரியாமலேயே.

பத்தாவது முடிந்தது. ஒட்டிலியா மாலையைச் சுருட்டி உள்ளே வைத்தாள். லுத்விக் வெளியே ஓடுகிற பீட்ரூட் வயல்களைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் மன்னிக்கல" என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "அந்தக் காலரைத் தூக்கிவிட்டுக்கோ. ஜன்னல்ல காத்து வருது."